கழிவு ஒயில் சிந்தினால்: திருகோணமலை கொட்பே, திருக்கடலூர் படகுக்காரர் கவனத்திற்கு

வணக்கம். இஞ்சின் ஒயில் மாற்றும்போது சிந்தினால் முதலில் கசிவை நிப்பாட்டுங்கோ. கானுக்குள் (வடிகாலுக்குள்) ஓடாமல் மணலால் வரம்பு கட்டி, மரத்தூள் போட்டு, ஊறினதும் அள்ளி மூடியுள்ள வாளியில் வையுங்கோ. சோப்புத்தூள் போட்டுக் கழுவ வேண்டாம். தரை பளிச்சென்றிருக்கும், ஒயில் முழுக்கக் கடலுக்குள்ள!

தண்ணியில் படலம் கண்டால் ஒன்றும் ஊத்தாதேங்கோ. இடம், நேரம், காற்று வீசும் பக்கம், நிறம் எல்லாவற்றையும் படத்தோடு துறைமுக அலுவலகத்துக்கும் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபைக்கும் உடனே அறிவியுங்கோ. வானவில் மினுக்கமெண்டால் மெல்லிய படலம். கறுப்பெண்டால் தடிப்பு, அவசரம். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டப்படி கடலில் ஒயில் விடுவது குற்றம். யார் விட்டதென்ற சண்டையைப் பிறகு வைச்சுக்கொள்ளலாம். தீப்பிடித்தால் தீயணைப்புப் படைக்கு 110.