ஓவிய வகுப்பில் பார்த்து வரைதல் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர் பெருமக்களுக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாயார் எழுந்து, "ஓவிய வகுப்பில் யாரோ வரைந்த படத்தைப் பார்த்து வரையச் சொல்கிறீர்கள், தேர்வில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால் மட்டும் தண்டிக்கிறீர்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டார். நேரமாகிவிட்ட அவசரத்தில் நான் சொன்ன பதில் அவருக்கு நிறைவளிக்கவில்லை என்பதை அவர் முகமே காட்டியது. எனக்கும் நிறைவளிக்கவில்லை. ஆகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தேர்வில் பார்த்து எழுதும் பிள்ளை விடையை எடுத்துக்கொள்கிறது, விடை வந்த வழியை எடுத்துக்கொள்வதில்லை. பார்த்து வரையும் பிள்ளைக்கோ வழியைத் தேடிப் பிடிக்காமல் படம் கைக்கு வராது. கடந்த மாதம் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரவிவர்மாவின் 'அன்னமும் தமயந்தியும்' படத்தின் அச்சுப்பிரதியைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். தமயந்தியின் சேலைக்குச் சிவப்பு போஸ்டர் கலரை எடுத்து ஒரே சீராகப் பூசிவிட்டு, சேலை அட்டை போல விறைத்து நிற்கிறதே என்று ஆசிரியரிடம் குறைப்பட்டுக்கொண்டான். மடிப்பின் உட்புறத்தில் என்ன நிறம் தெரிகிறது என்று மட்டும் ஆசிரியர் கேட்டார். அவன் முதலில் கறுப்பு என்றான். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கறுப்பு இல்லை என்றான். கறுப்பைக் கலந்து பார்த்தபோது அழுக்குப் படிந்தாற்போல் ஆனது. சிவப்பில் துளி பச்சையைக் கலந்தபோதுதான் மடிப்பு மடிப்பாக விழுந்தது. இரண்டு பாடவேளைகள் அந்த ஒரு மடிப்பிலேயே கழிந்தன. இதை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தால் அவன் நோட்டில் குறித்துக்கொண்டு அன்றே மறந்திருப்பான்.

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய பயிற்சி இது என்றும் எண்ண வேண்டாம். டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ 1889, 1890ஆம் ஆண்டுகளில் பிரான்சில் சேன்-ரெமி என்ற ஊரின் மனநல விடுதியில் இருந்தபோது, தாம் பெரிதும் மதித்த பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து 20க்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். அப்போது அவருக்கு வயது 36. தமக்கென்று ஒரு பாணி ஏற்கெனவே அமைந்துவிட்டிருந்தது. அவரிடம் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுகள். நிறங்களை அவரே யோசித்து இட்டார். ஒருவர் இயற்றிய இசையை மற்றொருவர் வாசிப்பதைப் போன்றது இது என்று தம்பிக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியுமிருக்கிறார். வர்ணமும் கீர்த்தனையும் பாடக் கற்கும் பிள்ளையிடம் "சொந்தமாக ஏன் பாடவில்லை" என்று நாம் கேட்பதில்லை அல்லவா? நம் நாட்டில் வங்காள ஓவியர் நந்தலால் போஸ், 1909 முதல் 1911 வரை ஆங்கிலேய ஓவியர் ஹெர்ரிங்ஹாம் அம்மையார் அஜந்தாச் சுவரோவியங்களைப் படியெடுத்த பணியில் உடன் உழைத்தார். பிற்காலத்தில் இந்திய அரசியலமைப்பின் மூலப்படியை அணிசெய்த ஓவியப் பணிக்குத் தலைமை ஏற்றவரும் அவரே.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளி நாள்களில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த மீனாட்சி கல்யாணப் படம் இருந்தது. அதன்மேல் கார்பன் தாளை வைத்து ஒற்றி எடுத்து, வண்ணம் தீட்டி, நானே வரைந்ததாகக் காட்டிப் பரிசும் வாங்கிவிட்டேன். ஓவிய ஆசிரியர் என்னைத் தனியே அழைத்து, அம்மனின் கை சொக்கநாதர் கையில் அமரும் அந்த இடத்தை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் வரைந்து காட்டச் சொன்னார். விரல்கள் வாழைப்பழச் சீப்பைப் போல வந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதனால்தான் நம் வகுப்பில் கார்பன் தாளுக்கும், கைப்பேசித் திரைமேல் தாளை வைத்து வரைவதற்கும் இடமில்லை. கட்டம் போட்டு வரைவதற்கு முதல் இரண்டு படங்கள் வரை அனுமதி உண்டு. மதுரையில் திரையரங்குகளுக்குப் பேனர் வரைந்தவர்கள் சிறு நிழற்படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக்கினார்கள், அது கௌரவமான முறையே. மூன்றாம் படத்தில் கட்டம் இல்லை, கண் மட்டும்தான்.

மற்றொன்று நேர்மை தொடர்பானது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதி பெற்று, மூல ஓவியத்தின் முன்னே நின்று பார்த்து வரைபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் மூலத்தின் அதே அளவில் வரையக் கூடாது என்பது அங்குள்ள விதி. இங்கே நாம் வைத்திருக்கும் விதி, படத்தின் கீழ் மூல ஓவியரின் பெயரையும், "பார்த்து வரைந்தது" என்ற சொற்களையும், அதன் பின்னரே தன் பெயரையும் மாணவர் எழுத வேண்டும் என்பது. சென்ற ஆண்டு இப்படி வரைந்த படம் ஒன்று சொந்தப் படைப்பாக ஒரு போட்டிக்குப் போய்விட்டது. அனுப்பும் முன் சரிபார்க்காதது எங்கள் பிழையே அன்றி அந்தப் பிள்ளையின் பிழை அன்று.

ஐந்தாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகள் வழக்கம்போல மனத்தில் தோன்றுவதை வரைவார்கள். அவர்களிடம் எந்தப் படத்தையும் நாங்கள் முன்வைப்பதில்லை. எட்டாம் வகுப்பினரும் மூன்றாம் பருவத்தில் தெப்பக்குளத்தையோ, வைகைக் கரையையோ, தம் வீட்டு அடுப்படியையோ நேரில் பார்த்து வரையப் போகிறார்கள்.

அதற்கு முன் அவர்களைச் சித்தன்னவாசலுக்கு ஒருநாள் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். அங்குள்ள சமணக் குடைவரைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளமும் மீன்களும் யானைகளும் எருமைகளும், பூப்பறிப்பவர்களும் பல இடங்களில் மங்கிக் கிடக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீவல்லபன் காலத்தில் அக்கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அவர் சமண ஆசிரியர். ஆயினும் 'மதுரை ஆசிரியன்' என்ற சொல்லைக் கல்லில் படிக்கும்போது எங்களுக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருக்கிறது. குளத்தின் ஒரு பகுதியை மட்டும் ஒவ்வொருவரும் பென்சிலால் பார்த்து வரைந்து வருவார்கள்.

இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். விலை உயர்ந்த வண்ணங்கள் எவற்றையும் வாங்க வேண்டாம். ஓவிய நோட்டும், இரண்டு பென்சில்களும், மதிய உணவும், தண்ணீரும் போதும். வீட்டுக்கு வரும் படத்தை மூலப் படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடாமல், எந்த இடம் வரைவதற்குக் கடினமாக இருந்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
மதுரை