ரோமர் 13-க்கு முந்தின பக்கம்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

போன வாரம் வேதபாடத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் குடியேறிகளுக்கு எதிராக நீங்கள் பேசியபோது நான் வாயைத் திறக்கவில்லை. பாதி சரி என்று எனக்கே பட்டது, அதனால்தான்.

நாட்டுக்கு எல்லையே கூடாது என்று வேதம் சொல்லவில்லை. எபிரெயத்தில் 'கேர்' வேறு, 'நொக்ரி' வேறு. கேர் என்பவன் இஸ்ரவேல் ஜனங்களோடு குடியிருந்து அவர்கள் சட்டத்துக்கு உட்பட்டவன். நொக்ரி வந்துபோகிற வெளிநாட்டான்; அவனிடம் வட்டி வாங்கலாம் என்று உபாகமம் 23 அனுமதிக்கிறது. நீங்கள் காட்டிய அதிகாரம்தான். ஆனால் அயல்நாட்டாரான மோவாபியர் பத்தாம் தலைமுறையானாலும் சபைக்குள் வரக்கூடாது என்பதும் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் ரூத் வருகிறாள், மோவாபியப் பெண். ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்கும்படி லேவியராகமம் 19 சொன்ன சிந்தின கதிரைத்தான் அவள் பொறுக்கினாள். வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் மனமிரங்கிப் போட்ட பிச்சை அல்ல அது. நிலக்காரன் மேல் சட்டம் வைத்த கடமை. (அதற்கு மேலேயும் அவர் செய்தார், அது வேறு.) அவள் மகனுடைய பேரன் தாவீது.

அன்புக்கு ஒரு வரிசை உண்டு, முதலில் குடும்பம், பிறகு ஊர், பிறகு நாடு என்றீர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸும் இதையே சொன்னார். பிப்ரவரி 10 அன்று போப் பிரான்சிஸ் அந்நாட்டு ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், அந்த வரிசையை, அடிபட்டுக் கிடந்த முன்பின் தெரியாதவனுக்கு உதவின நல்ல சமாரியன் உவமையில் தேடச் சொன்னார். கொடுங்குற்றம் செய்தவர்களிடமிருந்து மக்களைக் காக்க நாட்டுக்கு உரிமை உண்டு என்பதையும் அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். இரண்டு பக்கத்தாரும் அதில் தங்களுக்குப் பிடித்த வரியை மட்டும்தான் பகிர்ந்தார்கள்.

எத்தனை பேரை அனுமதிப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதில் விசுவாசிகளுக்குள் கருத்து வேறுபடலாம். எனக்கும் தெளிவான விடை இல்லை. எனக்கு உறுத்தியது நீங்கள் அவர்களை 'பரதேசிக் கூட்டம்' என்று சொல்ல, எல்லாரும் சிரித்ததுதான். அந்நியர்களும் பரதேசிகளும் என்று பேதுரு எழுதினது யாரை, அண்ணா? நம்மைத்தானே.

கடைசியில் ரோமர் 13-ஐ வாசித்தீர்கள், ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று. சரி. பவுல் இந்தக் கடிதத்தை அதிகாரம், வசனம் என்று பிரித்து எழுதவில்லை. அந்தப் பிரிவெல்லாம் பிற்காலத்தில் வந்தது. நீங்கள் வாசித்த பகுதிக்குச் சற்று முன்புதான், 12:13-இல், அந்நியரை உபசரிக்க நாடுங்கள் என்கிறார். கிரேக்கத்தில் உபசரிப்பு என்கிற அந்தச் சொல்லே அந்நியர் மேலுள்ள அன்பு என்று பொருள்படும்.

வருகிற வாரமும் நீங்கள்தானே நடத்துகிறீர்கள்? 12-ஆம் அதிகாரத்திலிருந்து வாசிப்போம். இந்த முறை நானும் பேசுகிறேன்.

உங்கள் தம்பி