இரண்டு நாளுக்கும் ஒரே டிக்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவ மாணவர்களை முதல் வருடத்திலேயே வார்டுக்கு அழைத்துப் போவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்கள் இதை ஆர்வமாக வரவேற்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. இப்போது நான் ஹவுஸ் சர்ஜன், அதாவது படிப்பின் கடைசியில் பயிற்சியில் இருக்கும் மருத்துவர். முதல் வருடத்தில் அப்படி வார்டுக்குப் போன கூட்டத்தில் நின்றவள்.

முதல் தடவை போனபோது கோட்டு புதிது, ஸ்டெதாஸ்கோப் புதிது, அதைக் கழுத்தில் போடுவதா பையிலேயே வைப்பதா என்பதுதான் பெரிய கவலை. கட்டிலைச் சுற்றி 20 பேருக்கு மேல் நின்றோம். நான் பார்த்தது முன்னால் நின்றவனின் முதுகை. பேராசிரியர் ஏதோ சொன்னார், தலையாட்டினோம், வந்துவிட்டோம். அடுத்த வாரம் அனாட்டமி தேர்வு என்பதால், இந்த நேரத்தில் பிரேக்கியல் பிளெக்சஸை (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) இன்னொரு தடவை வரைந்து பார்த்திருக்கலாமே என்று வழியெல்லாம் புலம்பல். இதைக் கேட்டுவிட்டுத்தான் 'இந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும்தான் குறி' என்று பெரியவர்கள் முடிவு கட்டுகிறார்கள்.

இன்னொரு நாள் ஓர் இளம் ஆசிரியர் எங்களில் 4 பேரை மட்டும் கூட்டிப்போனார். இரண்டு நோயாளிகள், இரண்டு பேருக்கும் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. "நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள்" என்றார், அவ்வளவுதான். ஒருவருக்கு நெற்றி முழுக்கக் கோடு விழுந்தது. இன்னொருவருக்கு முகம் செயலிழந்த பக்கம் நெற்றி மழமழவென்று அப்படியே இருந்தது, கண்ணும் சரியாக மூடவில்லை. ஏன் என்று கேட்டோம். போய்ப் படியுங்கள் என்று விட்டுவிட்டார். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது, அதனால் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும், முகநரம்பே அடிபட்டால் நெற்றியும் சேர்ந்து போய்விடும் என்பது புத்தகத்தில் நாலு வரிதான். அந்த நாலு வரிக்காக அன்று ராத்திரி நாங்களாகவே உட்கார்ந்து படித்தோம். போன மாதம் இரவுப் பணியில் வாய் கோணிய ஒருவரைக் கொண்டுவந்தபோது நான் முதலில் பார்த்தது அவர் நெற்றியைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு நாளும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள், இரண்டு நாளுக்கும் 'மிகவும் பயனுள்ளது' என்றே டிக் போட்டேன். முதல் வருடத்தில் வேறு என்ன போடத் தைரியம் வரும்?

மாணவர்களை நோயாளியிடம் அழைத்துப் போவது ஒன்றும் புதுமையும் இல்லை. முதலில் அடிப்படை அறிவியல், அப்புறம்தான் மருத்துவமனை என்ற பிரிவு வட அமெரிக்காவில் மருத்துவக் கல்வி பற்றிய 1910-ம் வருட ஃபிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு இறுகிப்போன ஏற்பாடு. அதற்கு முன்பே வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவப் பேராசிரியர் மாணவர்களை நோயாளியின் கட்டிலருகே நிறுத்திப் பாடம் நடத்தியவர். சரி, அது இருக்கட்டும்.

கட்டுரையில் விட்டுப்போனது நோயாளியின் பக்கம். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, கோட்டு போட்டிருந்தேனே. சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்தேன், அது இன்றும் உறுத்துகிறது. 'நான் முதல் வருட மாணவி, உங்கள் டாக்டரிடம் சொல்கிறேன்' என்ற ஒரே வரியை யாராவது முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். அவரைச் சுற்றி இத்தனை பேர் நிற்கலாமா என்று அவரிடம் யாரும் கேட்டதாகவும் எனக்கு நினைவில்லை.

அதனால் முதல் வருடத்திலேயே அனுப்புங்கள், ஆனால் நாலைந்து பேராக, கையில் ஒரு வேலையும் திரும்பி வந்து தேட ஒரு கேள்வியும் கொடுத்து அனுப்புங்கள். தேர்விலும் அதிலிருந்து ஒன்றிரண்டு கேள்வி வரட்டும். அப்புறம் அந்தப் படிவத்தில் பிடித்ததா என்று கேட்பதை விட்டுவிட்டு, யாரைப் பார்த்தாய், அவரிடம் என்ன கேட்டாய் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹவுஸ் சர்ஜன்