ஆட்டம் முடியட்டும், அப்புறம் பேசலாம்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்து, மூன்று முறையும் பாதியில் எழுந்துவிட்டேன். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். சித்ராவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே தூரத்தில் வருகிறவர்களை அடையாளம் சொல்கிறாள். பெரியவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கக் கிளம்பிவிட்டாள், முப்பத்தொரு வயதில். எனக்கு அதில் சந்தோஷம்தான். முழங்கால் வலி கூடியிருக்கிறது, இருந்தாலும் காலை நடையை விடவில்லை. உன் சின்னவனுக்குப் பெண் பார்ப்பதாகச் சொன்னாயே, அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை?

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கிரிக்கெட் லீக்கில் ஆடுகிறவர்களுக்கான நடத்தை விதிகளை எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது. வீட்டில் மனைவியை அடிக்கிற வீரனை என்ன செய்வது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது என்கிறாய். போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, நமக்கு அதில் என்ன வேலை என்று கமிட்டியில் பாதிப் பேர் கேட்கிறார்களாம்.

அதைப் படித்ததும் அந்த அரையிறுதி நாள்தான் கண்முன் வந்தது. உனக்கும் மறந்திருக்காது. நீ உள்ளே பேட் கட்டிக்கொண்டிருந்தாய். நான் அன்று விரல் வீங்கி ஆடவில்லை, ஸ்கோர் எழுதினேன். நம் கேப்டனின் மனைவி இடுப்பில் குழந்தையோடு ஸ்கோர்போர்டு பக்கத்து கேட் வழியாக வந்தார். சேலைத் தலைப்பை இடது காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். என் மேஜைக்கு ஆறடி தூரத்தில் வந்து நின்று தலைப்பை எடுத்தபோது பார்த்தேன், தோடு இல்லை, காது மடல் கிழிந்திருந்தது. மேனேஜர் ஓடி வந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். நாற்காலி கொண்டுவந்து போட்டார், தண்ணீர் கொடுத்தார். "மேட்ச் முடியட்டும்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அந்தப் பெண் உட்கார்ந்தார். கேப்டன் அன்று 64 ரன் எடுத்தான். ஒவ்வொரு பவுண்டரிக்கும் நாம் கை தட்டினோம். நான் ஒரு ரன் விடாமல் எழுதினேன். ஜெயித்து, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது நாற்காலி காலி. அன்று சாயங்காலமும் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. இதை எழுத முடியாமல்தான் மூன்று முறை எழுந்தேன்.

உன் கேள்விக்காக, பெரிய லீக்குகள் என்ன செய்திருக்கின்றன என்று இந்தப் பத்து நாளும் உட்கார்ந்து படித்தேன். ஆள் பலம், பண பலம், வக்கீல்கள் எல்லாம் இருந்தும் மேனேஜர் சொன்ன அந்த வாக்கியத்தைத்தான் அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் என்.எஃப்.எல். லீக்கை எடுத்துக்கொள், நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. 2014 பிப்ரவரியில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் ரே ரைஸ், அட்லாண்டிக் சிட்டியில் ஒரு சூதாட்ட விடுதியின் லிஃப்டுக்குள் தனக்கு நிச்சயமான பெண் ஜானேவை அடித்தார். நினைவிழந்து கிடந்தவரை லிஃப்டிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவரும் வீடியோ சில நாட்களிலேயே வெளியானது. அதாவது, என்ன நடந்திருக்கும் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் இருவருக்கும் கல்யாணம் ஆனது. மே மாதம் கிளப் ஒரு பத்திரிகையாளர் கூட்டம் வைத்து இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தது. அந்த இரவில் தனக்கிருந்த பங்குக்காக ஜானே வருந்துகிறார் என்று கிளப்பே ட்விட்டரில் போட்டது. அடிபட்டவர் வருந்துகிறாராம்!

அதைவிட எனக்கு உறுத்துவது ஜூனில் நடந்த விசாரணை. லீக் கமிஷனர் ரோஜர் குடெல், அவருடைய அதிகாரிகள், கிளப்பின் பெரிய மனிதர்கள், நடுவில் ரைஸ், அதே அறையில் ஜானே. அடித்தவன் பக்கத்தில் இருக்கிறான், அவனுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் எதிரில் இருக்கிறார்கள், இப்போது நீ சொல்லம்மா என்றால் எந்தப் பெண் என்ன சொல்வாள்? வீட்டு வன்முறை வழக்குகளோடு பழகியவர்கள் யாரும் இப்படி ஒரு அறையில் வைத்துக் கேட்கமாட்டார்கள். ஜூலையில் தீர்ப்பு வந்தது: இரண்டு ஆட்டங்கள் தடை. அடுத்த மாதமே கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் ஜோஷ் கார்டனுக்குக் கஞ்சா சோதனையில் தவறியதற்காக ஒரு சீசன் முழுவதும் தடை உறுதியானது (பிறகு அது பத்து ஆட்டமாகக் குறைந்தது). ஊர் கொதித்தது. ஆகஸ்ட் 28 அன்று குடெல் தான் தவறிவிட்டதாக அணி உரிமையாளர்களுக்கு எழுதி, இனி முதல் முறைக்கே சம்பளமில்லாமல் ஆறு ஆட்டம் என்று அறிவித்தார்.

செப்டம்பர் 8 அன்று லிஃப்டுக்குள் எடுத்த வீடியோவும் வெளியே வந்தது. அன்றைக்கே கிளப் அவரை நீக்கியது, லீக் காலவரையறை இல்லாமல் தடை போட்டது. பிப்ரவரியில் விழுந்த அதே அடிதான். புதிதாக நடந்தது, ஜனங்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள் என்பது மட்டுமே. நவம்பரில், ரைஸின் மேல்முறையீட்டை விசாரித்த முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் அந்தத் தடையை ரத்து செய்தார். ரைஸ் லீக்கிடம் எதையும் மறைக்கவில்லை, ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டித்தது செல்லாது என்றார். முருகேசா, இந்தத் தீர்ப்பை உன் கமிட்டியில் அவசியம் சொல். ரைஸ் அதற்குப் பிறகு அந்த லீக்கில் ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை. ஆனால் லீக் செய்தது நீதியும் இல்லை, ஜானேவுக்கு அதில் பாதுகாப்பும் இல்லை. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் குறைத்தார்கள், பிறகு அதற்காகவே கூட்டினார்கள்.

ஆறு ஆட்டம் என்ற விதியாவது நின்றதா என்றால் அதுவும் இல்லை. 2016-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஜோஷ் பிரவுனுக்குக் கொடுத்தது ஒரே ஒரு ஆட்டம். மனைவி இருபதுக்கும் மேற்பட்ட சம்பவங்களைப் போலீசிடம் சொல்லியிருந்தார். அந்த ஆவணங்கள் வெளியாகி, பிரவுன் தன் கைப்படவே ஒப்புக்கொண்டு எழுதியிருந்ததும் தெரிந்த பிறகுதான் கிளப் அவரை விட்டது. இங்கேயும் காகிதம் வெளியே வரும்வரை காத்திருந்தார்கள்.

அமெரிக்க பேஸ்பால்காரர்கள் கொஞ்சம் யோசித்துச் செய்தார்கள் என்று சொல்லலாம். 2015-ல் லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்தே ஒரு கொள்கை எழுதின. குற்றம் கோர்ட்டில் நிரூபணமாக வேண்டும் என்பதில்லை. குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று கணக்கும் இல்லை. விசாரணை நடக்கும்போது வீரரைச் சம்பளத்தோடு ஒதுக்கி வைக்கலாம், சிகிச்சைத் திட்டத்தை நிபுணர்கள் முடிவு செய்வார்கள். வீரர்கள் சங்கமும் கையெழுத்துப் போட்டதால் தண்டனைகள் அவ்வளவு சுலபமாக உடைவதில்லை. இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஆனால் அங்கேயும் சந்தை என்ன செய்தது பார். அந்தக் கொள்கையின் கீழ் முதல் தண்டனை அரோல்டிஸ் சாப்மனுக்கு, 2016-ல் 30 ஆட்டங்கள். தோழியோடு நடந்த சண்டையின்போது கார் ஷெட்டில் துப்பாக்கியால் சுட்டார் என்பது விவகாரம். அவர் மீது வழக்குப் பதிவாகவில்லை, அந்தப் பெண்ணைக் காயப்படுத்தவில்லை என்று அவரும் மறுத்தார். விஷயம் வெளியானதும் அவரை வாங்க இருந்த டாட்ஜர்ஸ் அணி பின்வாங்கியது. விலை இறங்கியது. விசாரணை முடிவதற்கு முன்பே யாங்கீஸ் அணி வாங்கிப்போட்டது. அதே சீசனில் கப்ஸ் அணிக்குக் கைமாறி அவர் உலகத் தொடர் கோப்பையையும் வென்றார். டிசம்பரில் யாங்கீஸே 8.6 கோடி டாலருக்கு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டுத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2018-ல் ராபர்ட்டோ ஒசுனா என்ற வீரர் இதே கொள்கையின் கீழ் 75 ஆட்டத் தடையில் இருக்கும்போதே ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அவரை வாங்கியது. மறு வருடம் வெற்றிக் கொண்டாட்டத்தில் அந்தக் கிளப்பின் உதவிப் பொது மேலாளர், பெண் நிருபர்கள் நின்ற பக்கம் பார்த்து, ஒசுனாவை வாங்கியதில் எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா என்று கத்தினார். இதை எழுதிய நிருபர் கதை கட்டுகிறார் என்றது கிளப். சில நாள் கழித்து அந்த மேலாளரையே வேலையைவிட்டு அனுப்பியது. ஒரு பெண்ணின் புகார் தள்ளுபடி விலையாக மாறுகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

நம் கிரிக்கெட்டிலும் பார்த்தோமே. 2018 மார்ச்சில் முகமது ஷமி மீது மனைவி பல புகார்கள் சொன்னார், அவர் எல்லாவற்றையும் மறுத்தார். யார் பக்கம் உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. வாரியம் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது, ஊழல் தடுப்புப் பிரிவை வைத்து விசாரித்தது, சூதாட்டம் எதுவும் இல்லை என்றதும் ஒப்பந்தத்தைக் கொடுத்தது. எல்லாம் ஒரே மாதத்தில். வீட்டில் என்ன நடந்தது என்பதை விசாரிக்க அதனிடம் ஒரு பிரிவே இல்லை. பந்தயத்தில் கைவைத்தானா என்பது மட்டும்தான் தன் கேள்வி என்று விளையாட்டு நினைக்கிறது.

கோர்ட் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று கேள். நடுவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினால் நாம் கோர்ட்டுக்கா போகிறோம்? மறுநாளே இரண்டு மேட்ச் உட்கார வைக்கிறோம். சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், அது சரிதான். நம் சட்டையைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கலாமா என்பது வேறு கேள்வி. தோழியைத் தாக்கிய வழக்கில் என்.எஃப்.எல். வீரர் கிரெக் ஹார்டியை ஒரு நீதிபதி குற்றவாளி என்றார், 2014-ல். அவர் மேல்முறையீடு செய்து, பொதுமக்கள் குழுவான ஜூரி முன் விசாரணை கேட்டார். அந்தக் கட்டத்தில் புகார் கொடுத்த பெண் சாட்சி சொல்ல வரவில்லை, வழக்கு தள்ளுபடியானது. பெண் வராததால் விழுந்த வழக்கை, ஒன்றுமே நடக்கவில்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியுமா?

அதே சமயம், புகார் வந்த உடனே ஆயுள் தடை என்று எழுதிவிடாதே. கேட்க வீரமாக இருக்கும், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ரைஸ் நீக்கப்பட்ட மறுநாள் ஜானே என்ன எழுதினார் தெரியுமா? நெருங்கிய நண்பரைப் பறிகொடுத்துத் துக்கம் காப்பது போல் இருக்கிறது என்று. அந்தச் சம்பளத்தில்தான் அந்தப் பெண்ணும் குழந்தையும் வாழ்கிறார்கள். வாயைத் திறந்தால் வீட்டுக்காரன் வேலை போகும், ஊரே தன்னைத் திட்டும் என்றால் எவள் திறப்பாள்? ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். ரக்பி லீக் 2019-ல் எடுத்த வழி எனக்கு நியாயமாகப் படுகிறது. கடுமையான குற்றத்துக்கு வழக்குப் பதிவானால் விதிப்படியே வீரர் ஒதுக்கி வைக்கப்படுவார், சம்பளம் நிற்காது, குற்றவாளி என்ற முத்திரையும் இல்லை. அந்த விதி வரக் காரணமாக இருந்த வீரர் மீது இருந்தது பாலியல் புகார். ஜூரி முடிவுக்கு வராமல் 2021-ல் வழக்கு கைவிடப்பட்டது. இரண்டு சீசனுக்கும் மேல் போனது அவருக்கு. அந்த இழப்பு சின்னதில்லை. அதனால்தான் சம்பளம் தொடர வேண்டும் என்கிறேன், விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும் என்கிறேன்.

உன் விதிகளில் மூன்று விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதே. விசாரிப்பவர் எந்தக் கிளப்பிடமும் சம்பளம் வாங்காதவராக இருக்கட்டும். அந்தப் பெண்ணிடம் தனியாக, அவர் சொல்லும் இடத்தில், ஒரு பெண் பேசட்டும். அப்புறம், சில மாத வீட்டு வாடகைக்கும் வக்கீலுக்கும் லீக் ஒரு தொகையை ஒதுக்கட்டும், அதைக் கேட்க அவர் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்காதே. தடை எத்தனை ஆட்டம் என்பதை நீங்கள் எல்லோரும் கூடி எப்படியும் சண்டை போட்டு முடிவு செய்வீர்கள். எனக்கு அதில் பெரிய கருத்து இல்லை.

இன்னொன்று. உன் அண்ணி நம் கேப்டனின் மனைவியோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்ததாக எப்போதோ சொன்னாய். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டுப் பார். அண்ணியையே பேசச் சொல், நாம் வேண்டாம். அவருக்கு விருப்பம் இருந்தால், கமிட்டிக்குப் போகும் முன் அந்த வரைவை அவர் ஒருமுறை படிக்கட்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். அன்று ஆறடி தூரத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவன் மன்னிப்புக் கேட்டான் என்று மட்டும் அண்ணி சொல்லட்டும்.

உன்,
சேகர்