தலைப்புக்குத் தம்பி, கதைக்கு வேறு ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சிறுவர் இணைப்பு சில வாரங்களாகப் புது எழுத்துருவில் (ஃபாண்ட்டில்) வருகிறது. பார்த்ததுமே 'பாலூ தம்பி' என்று தெரிந்துவிட்டது. மும்பையின் ஏக் டைப் குழு வரைந்த குண்டு எழுத்து அது. இலவசம் என்பதால் எங்களைப் போன்ற சின்ன அச்சகங்களுக்குப் பெரிய உதவி. காதுகுத்து அழைப்பிதழ், பிறந்தநாள் ஃபிளெக்ஸ், ஜூஸ் கடை போர்டு எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் போடுகிறேன். முனையெல்லாம் மழுங்கி, கொழுகொழுவென்று இருக்கும். உங்கள் தலைப்புகளில் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் முழுக் கதையையும் அதிலேயே கோத்திருக்கிறீர்களே, அதுதான் சரியில்லை. கோடு தடிமன் என்பதால் சுழிக்குள் வெள்ளை கொஞ்சம்தான். 10 பாயிண்ட் அளவுக்கு இறக்கி நியூஸ்பிரிண்ட் தாளில் ஓட்டினால் மை பரவி அதுவும் அடைந்துபோகும். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒன்றாகிவிடும். சென்ற வாரக் கதையில் 'பனி கொட்டியது' என்றிருந்ததை, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகன் 'பணி கொட்டியது' என்று வாசித்துவிட்டு, "ஏன் மாமா, வேலையா கொட்டுச்சு?" என்றான். வரிகளும் நெருக்கம். மேல் வரியில் 'து', 'ழு' வந்தால் அதன் வால் கீழ் வரியின் புள்ளியில் இடிக்கிறது. 'ம்' எது, 'ம' எது என்று குழந்தை தடுமாறுகிறது.

எங்கள் கடையிலும் இதே பாடுதான். ஒருவர் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கே இந்த எழுத்துதான் வேண்டும் என்று நின்றார். "தூரத்துல இருந்து நல்லாத் தெரியுதுல்ல?" என்பது அவர் வாதம். தெரியும்தான், ஆனால் இறந்தவர் படத்துக்குக் கீழே பலூன் மாதிரி எழுத்தா? பேசிப் பேசி மாற்ற வைத்தேன்.

தலைப்பு, விடுகதை, படக்கதையில் வரும் பேச்சு, இவற்றைத் தம்பியிடமே விட்டுவிடுங்கள். கதைக்கு அதே குழுவின் 'முக்த மலர்' இருக்கிறது. சின்ன அளவிலும் சுழிகள் திறந்தே நிற்கும். இல்லை, தம்பிதான் வேண்டும் என்றால், பின்னால் வந்த 'பாலூ தம்பி 2' ஐந்து தடிமன்களில் கிடைக்கிறது. அதில் மெல்லியதை எடுத்து, 13 பாயிண்டுக்குக் குறையாமல், வரி இடைவெளியைத் தாராளமாக விட்டு ஒரு பக்கம் ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், புதிருக்கான விடையைத் தலைகீழாக 6 பாயிண்டில் போடுகிறீர்களே, அதைப் பெரியவர்களாலேயே படிக்க முடியவில்லை. அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

இப்படிக்கு,
அச்சக டி.டி.பி. பணியாளர் ஒருவர்,
விருதுநகர்.