ஏணியை அறுத்தால் லாபமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இளைஞர் பக்கத்தில், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (வீரர், மந்திரவாதி என்று வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம்) ஆடும் பிள்ளைகள் மந்திரத்தை வைத்து ஆட்டத்துக்குள் காசு பண்ணும் குறுக்குவழிகள் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது: ஏணியை அறுத்துக் கழியாக விற்பது, மந்திரத்தால் எழுப்பிய இரும்புச் சுவரை விற்பது, மந்திரக் குடுவைத் தண்ணீரில் உப்பெடுப்பது, மந்திரப் பொருள் செய்து விற்பது. விடுமுறை வந்தால் நம் தோட்டப்புறத்துக் கடைத்தெரு அஞ்சடியிலும் (கடை முன் நடைபாதையிலும்) இருபது முகப் பகடை உருள்கிற காலம் இது. அதனால் குறிப்பில் உள்ள பிழைகளைச் சொல்லிவிடுவது நல்லது. கணக்கு பாதி சரி. மீதி, ஆட்டத்து விதிநூலின் வேறு வேறு பதிப்புகளின் விலைகளைக் கலந்து போட்டது.

முதலில் ஏணி. 2003இல் திருத்தி வந்த மூன்றாம் பதிப்பில் 10 அடி ஏணி 5 செப்புக்காசு, 10 அடிக் கழி 2 வெள்ளிக்காசு. (வெள்ளி என்றதும் நம் மலேசிய ரிங்கிட்டை நினைக்க வேண்டாம். 10 செப்பு ஒரு வெள்ளி, 10 வெள்ளி ஒரு தங்கம்.) ஏணியின் குறுக்குப் படிகளைத் தட்டிவிட்டால் இரண்டு கழி மிஞ்சும். பழைய சாமான் பாதி விலைக்குத்தான் போகும் என்ற விதிப்படி பாதியைக் கழித்தாலும் 5 செப்புக்கு 20 செப்பு கிடைக்கும். ஆனால் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஏணி ஒரு வெள்ளி, கழி 5 செப்பு. இரண்டு கழியும் ஒரு ஏணியும் சரிக்குச் சரி; பாதி விலை விதியும் சேர்ந்தால் போட்ட முதலில் பாதி போய்விடும். உங்கள் குறிப்பு பழைய கழி விலையையும் புதிய ஆண்டையும் ஒட்டவைத்திருக்கிறது.

இரும்புச் சுவர் மந்திரம்தான் இதில் பெரிய சரக்கு. அதே மூன்றாம் பதிப்பில் 11ஆம் லெவல் (தேர்ச்சிப் படி) மந்திரவாதி 50 தங்கக்காசு பெறும் பொன்தூளைச் செலவழித்து, ஐந்தடிக்கு ஐந்தடிச் சதுரம் பதினொன்றை எழுப்பலாம். முழுதாக நான்கு லெவலுக்கு ஓர் அங்குலக் கனம் என்பதால் சுவர் இரண்டு அங்குலக் கனம் இருக்கும். எழுந்த சுவர் மறையாது, நிலையாக நிற்கும். 275 சதுர அடி, இரண்டு அங்குலக் கனம் என்றால் ஏறத்தாழ 46 கன அடி. கன அடிக்கு 490 பவுண்டு வைத்தால் 22,000 பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் 10 டன். பவுண்டுக்கு ஒரு வெள்ளிக்காசு வீதம் 2,200 தங்கத்தைத் தாண்டும். இரும்பு, உப்பு, கோதுமை போன்ற சரக்குகளுக்குப் பாதி விலை விதியும் கிடையாது, முழு விலை உண்டு. விதிகளில் ஓட்டை இருப்பது இந்த இடத்தில்தான்.

ஆனால் அந்தச் சுவரை என்ன செய்வது? ஒரே ஒரு சதுரம் 2,000 பவுண்டுக்கு மேல் கனக்கும். அதை வெட்ட வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும், காட்டிலோ குகையிலோ எழுப்பியிருந்தால் வெளியே கொண்டுவர வேண்டும். மழை பட்டால் துருவும். மந்திரத்தின் விவரத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. பிறகு யார் வாங்குவார்? அதே பதிப்பின் நடத்துநர் நூல் (ஆட்டத்தை நடத்துபவருக்கான விதிநூல்) ஊரில் எவ்வளவு ரொக்கம் புழங்கும் என்பதற்கு ஒரு சூத்திரம் தருகிறது: ஊரின் உச்சவிலையில் (அங்கே கிடைக்கும் ஒரு பொருளின் அதிகபட்ச விலை) பாதி, பெருக்கல் மக்கள்தொகையில் பத்தில் ஒன்று. 1,500 பேர் உள்ள சிறு நகரத்துக்கு உச்சவிலை 800 தங்கம். 400ஐ 150ஆல் பெருக்கினால் 60,000. ஊரில் புழங்கும் ரொக்கம் மொத்தமே அவ்வளவுதான். நாளுக்கு ஒரு சுவர் விற்றால் ஒரு மாதத்துக்குள் ஊர்க்காசு முழுவதும் இரும்பாகி நிற்கும், உப்பு புளி வாங்கக்கூட ஆளிடம் காசிருக்காது. மூன்றாம் பதிப்பு விதிகளை ஒட்டி 2009இல் வந்த 'பாத்ஃபைண்டர்' ஆட்டம் இந்த வம்பே வேண்டாம் என்று, அந்த இரும்பு வேறு பொருள் செய்ய உதவாது, விற்கவும் முடியாது என்று ஒரு வரியில் எழுதி மூடிவிட்டது. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத முடிவு. யோசித்த பிள்ளைக்கு ஒரு பதிலும் கிடைக்காமல் போகிறது.

உப்புக் கணக்கு இதைவிட வேடிக்கை. வற்றாத நீர்க்குடுவை என்ற மந்திரப் பொருளின் விலை 9,000 தங்கம். அதில் நல்ல தண்ணீரும் வரும், உப்புத் தண்ணீரும் வரும். வேகமாகப் பீய்ச்சச் சொன்னால் ஆறு வினாடிக்கு 30 கேலன். கடல்நீரைப் போல நூற்றுக்கு மூன்றரை பங்கு உப்பு என்று வைத்தால் 30 கேலனில் 9 பவுண்டு உப்பு இருக்கும். மூன்றாம் பதிப்பில் உப்பு பவுண்டு 5 தங்கம், வெள்ளிக்கட்டியின் விலையே அதுதான். ஆக ஆறு வினாடிக்கு 45 தங்கம், இருபது நிமிடத்தில் குடுவை வாங்கிய முதல் திரும்பிவிடும். தாளில்.

தரையிலோ அந்த இருபது நிமிடத்தில் 6,000 கேலன் தண்ணீர் நிற்கும். மூன்று அங்குல ஆழத்துக்குப் பாத்தி கட்டினால் 3,200 சதுர அடி வேண்டும். நல்ல வெயிலில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் வற்றினால் பதினைந்து நாள், நடுவில் ஒரு மழைகூடப் பெய்யக் கூடாது. தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கும். பேராக்கில் மாலையானால் இடி இடிக்கிறதே! முழுதாக வற்றவும் விடக் கூடாது. உப்பு படிந்ததும் மேலே நிற்கும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் வாயில் வைக்க முடியாது. அடுப்பேற்றிக் காய்ச்சலாம் என்பவர் 6,000 கேலனுக்கு எத்தனை வண்டி விறகு என்று முதலில் சொல்லட்டும்.

அதையும் தாண்டி, அந்தப் பதிப்பில் கூலியாளின் நாள் சம்பளம் ஒரு வெள்ளிக்காசு. ஒரு பவுண்டு உப்பு வாங்க ஐம்பது நாள் உழைக்க வேண்டும்! தோட்டத்தில் நாள்கூலிக்கு உழைத்து வளர்ந்த எந்தக் குடும்பமும் இந்த விலைப்பட்டியலைப் பார்த்தால் சிரிக்கும். பிறகு வந்த ஐந்தாம் பதிப்பில் உப்பு 5 செப்பு, கூலி 2 வெள்ளி. கால்நாள் சம்பளத்தில் ஒரு பவுண்டு. குடுவை வித்தை அதோடு செத்தது.

மந்திரப் பொருளைச் செய்து விற்பதில் லாபம் என்று குறிப்பு சொல்வது மூன்றாம் பதிப்புக்குப் பொருந்தாது. 1,000 தங்கப் பொருளைச் செய்ய 500 தங்கம், ஒரு நாள், அதோடு 40 அனுபவப் புள்ளி (லெவல் ஏறச் சேர்க்கும் புள்ளி) செலவாகும். விற்றால் அதே 500. காசு வந்த வழியே போகும், புள்ளி மட்டும் நட்டம். அங்கே உண்மையான ஓட்டை விலைச் சூத்திரத்தில் இருக்கிறது. எப்போதும் இயங்கும் பொருளுக்கு மந்திரத்தின் லெவல், செய்பவரின் லெவல், 2,000 மூன்றையும் பெருக்க வேண்டும். அடி தவறாமல் விழப் பகடையில் +20 கூட்டும் முதல் லெவல் மந்திரத்தை, முதல் லெவல் மந்திரவாதி கணக்கில் மோதிரத்தில் வைத்தால் 2,000 தங்கம் என்று வருகிறது. பகடையில் +5 மட்டும் கூட்டும் கத்தியே 50,000. சூத்திரம் ஒரு தொடக்கம்தான், ஒத்த பொருளோடு ஒப்பிட்டு விலை வை என்று அதே நூல் சொல்வதை மோதிரம் கேட்பவர்கள் மட்டும் படிப்பதில்லை.

லாபம் உண்மையிலேயே வருவது ஐந்தாம் பதிப்புக்கு 2017இல் வந்த இணைப்பு நூலின் விதிகளில். அபூர்வ வரிசையில் இரண்டாம் படியில் உள்ள மந்திரப் பொருள் ஒன்றைச் செய்ய இரண்டு வாரம், 200 தங்கம். விற்க இன்னொரு வாரம், 25 தங்கம், பேச்சுத் திறனுக்கு ஓர் இருபது முகப் பகடை. அடிப்படை விலை 400. பகடையும் திறனும் கூட்டி மொத்தம் 10 வரை வந்தால் பாதி, 20 வரை முழு விலை, 21 முதல் ஒன்றரை மடங்கு. பேச்சில் +10 வைத்திருப்பவருக்கு முழு விலைக்குக் கீழே வராது, பாதி தடவை 600 கிடைக்கும். சராசரி 500, செலவு போக மூன்று வாரத்துக்கு 275 தங்கம். இது ஏமாற்று இல்லை, நியாயமான தொழில். கைவசம் செய்முறை ஏடும், அரக்கனோடு மோதி எடுத்துவரும் மூலப்பொருளும் வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. பல நடத்துநர்கள் அதைக் கேட்க மறந்துவிட்டுப் பிறகு காசு பெருகிவிட்டது என்று புலம்புகிறார்கள்.

2024இல் வந்த நடத்துநர் நூல், ஆட்டத்தின் விதிகள் ஒரு பொருளாதாரம் அல்ல என்றே எழுதியிருக்கிறது. சரிதான். ஆனால் பிள்ளையிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி வாயடைப்பதைவிட, விற்கவிட்டுப் பார்ப்பது மேல். நம் ஊரில் ரப்பர் ஒட்டுப்பால் விற்பவருக்குத் தெரியாததா? அறிவிப்புப் பலகையில் உள்ள விலை வேறு, தண்ணீருக்குக் கழித்துக்கொண்டு வியாபாரி எண்ணிக் கொடுப்பது வேறு. முதல் வண்டி இரும்புக்கு முழு விலை கொடுங்கள், இரண்டாவதுக்குப் பாதி, மூன்றாவதுக்குக் கொல்லர் கதவைத் திறக்க வேண்டாம். நான்காவது நாள் அரண்மனையிலிருந்து ஆள் வந்து, இத்தனை இரும்பு எந்தச் சுரங்கத்தில் எடுத்தது, வரி எங்கே என்று கேட்கட்டும். அன்றைய ஆட்டத்துக்குக் கதை கிடைத்துவிடும்.

இனி இப்படிக் குறிப்புகள் போடும்போது எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஐந்தாம் பதிப்பு ஆடும் பிள்ளை ஏணியை அறுத்துவிட்டு வந்து நின்றால் ஒட்டவைக்க ஆணியும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.