போவது சுலபம், திரும்புவதுதான்

தூத்துக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மருமகளும் டிசம்பரில் பார்படாஸ் போகப்போவதாக அம்மா சொன்னாள். ரோகித் சர்மா புல்லைப் பிய்த்து வாயில் போட்ட மைதானத்தைப் பார்க்கத்தானே? கென்சிங்டன் ஓவல் என்றால் எனக்கு 1997தான் ஞாபகம் வரும். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான டெஸ்டில் 120 ரன் எடுக்க முடியாமல் 81-க்குச் சுருண்டோம். அந்த வயிற்றெரிச்சல் 2024-ல் அங்கேயே டி20 உலகக் கோப்பையை வென்றபோதுதான் அடங்கியது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டாம். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பும் படிவம், அவ்வளவுதான். நியூஜெர்சிக்குத் திரும்பி வருவதில்தான் சிக்கல்.

பாஸ்போர்ட்டில் உன் எச்1பி வேலை விசா முத்திரை மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்றாய். கூட இருந்த பையன் முத்திரை காலாவதியான பிறகும் கரீபியன் போய் வந்தானே என்றும் சொன்னாய். அவன் அப்போது மாணவன், தம்பி. காலாவதியான முத்திரையோடு போனாலும் 30 நாளுக்குள் திரும்பினால் போதும் என்கிற சலுகை அந்தத் தீவுகளுக்கு எஃப்1 மாணவர் விசா, ஜே1 பரிமாற்றத் திட்ட விசா காரர்களுக்குத்தான் உண்டு. எச்1பிக்கு கனடாவும் மெக்சிகோவும் மட்டும். வேலை அனுமதியை நீட்டித்த தாள் கையில் இருக்கிறதே என்று விமானம் ஏறிவிடாதே. கம்பெனி வக்கீலிடம் ஒரு வார்த்தை கேள். முத்திரை இல்லையென்றால் டிக்கெட்டைத் தள்ளிப் போடு. தீவு எங்கும் ஓடிவிடாது.

கப்பலில் இருந்த காலத்தில் நாலைந்து தடவை பார்படாஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் இறங்கியிருக்கிறேன். மரூன் பட்டை போட்ட வெள்ளை வேன்கள் ஓடும். நம்பர் பிளேட்டில் இசட்ஆர் என்று இருப்பதால் ஊரே அதை இசட்ஆர் என்றுதான் சொல்லும். நம் ஊர் மினிபஸ்தான்: பாட்டு அலறும், மூன்று பேர் சீட்டில் நாலு பேர். முதல் நாள் எதிர்ப்பக்கம் நின்று ஏறி, துறைமுகம் வரவேண்டியவன் ஊருக்கு வெளியே ஓய்ஸ்டின்ஸ் என்ற ஊரில் போய் இறங்கினேன். நிறுத்தத்தின் பலகையில் 'டு சிட்டி', 'அவுட் ஆஃப் சிட்டி' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து நில். கட்டணம் இப்போது மூன்றரை பார்படாஸ் டாலர், அமெரிக்கக் காசில் 1.75. டாக்சியில் மீட்டர் கிடையாது, பேசிவிட்டு ஏறு.

கார் எடுத்தால் நம் ஊர் மாதிரி இடதுபக்கம் ஓட்ட வேண்டும். ஆறு வருஷமாக வலதில் ஓட்டிய கை, ரவுண்டானாவில் தடுமாறும். உன் லைசென்ஸ் தவிர, வருகிறவர்களுக்கான பெர்மிட் ஒன்றும் வேண்டும், கார் தருகிறவர்களே வாங்கித் தருவார்கள்.

அப்புறம், நீ எந்நேரமும் மாட்டிக்கொண்டு திரிகிற அந்தப் பட்டாளத்துப் புள்ளி பேன்ட்டை வீட்டிலேயே வைத்துவிடு. அங்கே ராணுவத்தார் தவிர வேறு யாரும் போடக்கூடாது, சட்டம். கடற்கரையில் தண்டில் சிவப்பு வளையம் பூசிய மரத்தைக் கண்டால் மழைக்குக்கூட ஒதுங்காதே. எங்கள் கப்பல் சமையல்காரர் ஒதுங்கினார். இலையில் வழிந்த தண்ணீர் பட்டுத் தோளெல்லாம் கொப்புளம், ஒரு வாரம் சட்டை போடவில்லை.

முத்திரைப் பக்கத்தைப் படமெடுத்து இன்றைக்கே அனுப்பு.

அப்பா